பார்சலைத் திருப்பித் தந்தவருக்குக் கொழுப்பா?

ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. மகளின் பிறந்தநாளுக்கு வீட்டில் சமைத்து, பார்சல் கட்டி, திருகோணமலை பஸ் நிலையத்தைச் சுற்றிப் படுத்திருக்கிற ஆக்களுக்குக் கொடுக்கப் போயிருக்கிறார்கள். ஒரு வயதானவர் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம் பிள்ளை" என்று திருப்பித் தந்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் "கொழுப்பைப் பாருங்கோவன்" என்று ஏசினாராம். தனக்கும் அந்த நேரம் கோபம் வந்தது, அது ஏன் வந்தது என்று வீட்டுக்கு வந்து யோசித்தும் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறா. கூடவே கேட்டிருக்கிறா: எங்கட ஊரில் வீடில்லாத ஆக்கள் மேல் இரக்கம் குறைந்துகொண்டு போகுதா? அதை மாற்ற ஏலுமா?

சமூக சேவைப் பக்கம் கனகாலம் வேலை செய்தவன் என்ற முறையில் என் பதில்: இரக்கம் குறையவில்லை. திருமலையில் சோற்றுக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு முன் அந்தப் பெரியவரின் பார்சலைப் பார்த்துவிடுவோம்.

வீதியில் இருப்பவர்கள் சாப்பாட்டை மறுப்பது புதுமையில்லை. கேட்டால் காரணம் சொல்வார்கள். பல் இல்லை, கோழித்துண்டு கடிபடாது. சீனி வருத்தம், சோறு கூடாது. காலையிலேயே இரண்டு பார்சல் வந்துவிட்டது, மூன்றாவதை வைத்திருந்தால் பின்னேரம் நூல் விடும். வெள்ளிக்கிழமை, மச்சம் தொடமாட்டார். ஒரு முஸ்லிம் பெரியவர் இறைச்சி எங்கே வாங்கியது என்று கேட்கக் கூச்சப்பட்டே வேண்டாம் என்றிருக்கிறார். என்னை உலுக்கிய காரணம் ஒரு அம்மா சொன்னது. இரவுச் சாப்பாட்டை அவ எப்போதும் பாதியோடு நிறுத்திவிடுவா. "சாப்பிட்டா போக வேணும் மகன். இருட்டுக்குப் பிறகு நான் எங்க போறது?" பொதுக் கழிப்பறைக்குப் பகலில் காசு வேணும், இரவில் பூட்டு. ஆண்கள் ஒரு மதிலோரம் ஒதுங்கிவிடுவார்கள். அறுபது வயதுப் பெண் என்ன செய்வா? பசியை அவ கழிப்பறைக் கணக்கில் அளந்துகொண்டிருந்தா. அன்னதானம் கொடுக்கிற எங்களில் ஒருவருக்கும் இந்தக் கணக்கு மனதில் வந்ததில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு நல்ல வெளிச்சம் தருகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் லசானா ஹரிஸ், சூசன் ஃபிஸ்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களுக்குப் பலவிதமான ஆக்களின் படங்களைக் காட்டி, அந்த நேரம் அவர்களின் மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இன்னொரு மனிதரின் மனதைப் பற்றி யோசிக்கும்போது வழமையாக இயங்குகிற ஒரு பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. முதியவர், பணக்காரர், விளையாட்டு வீரர் என்று மற்ற எல்லாரையும் பார்த்தபோது அது இயங்கியது. வீடற்றவரையும் போதைக்கு அடிமையானவரையும் பார்த்தபோது மட்டும் அது அடங்கிக் கிடந்தது. அருவருப்போடு சம்பந்தப்பட்ட பகுதிகள்தான் எழும்பின. ஆளைப் பார்க்கிறோம், ஆனால் உள்ளே ஒரு மனம் இருப்பதாக எங்கள் மூளை கணக்கெடுக்கவில்லை.

அடுத்த வருடம் அவர்களே வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியம் என்பேன். இந்த முறை படத்தைக் காட்டி, இந்த ஆள் இன்ன மரக்கறியை விரும்பிச் சாப்பிடுவாரா என்று யோசிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். அடங்கிக் கிடந்த பகுதி எழும்பிவிட்டது. கரட் பிடிக்குமா பிடிக்காதா என்று ஒரு கணம் யோசித்தாலே எதிரில் இருப்பவர் ஆளாகிவிடுகிறார்.

ஆகவே தங்கச்சி, அந்தப் பெரியவர் செய்தது இதையேதான். தனக்கு ஒரு விருப்பமும் மறுப்பும் உண்டு என்று காட்டினார். பார்சல் கட்டிய எங்கள் மனதில் அப்படி ஒரு ஆளே இருக்கவில்லை. அங்கே இருந்தது ஒரு கை, பார்சலை வாங்குகிற கை. அந்தக் கை திடீரென்று பேசியபோது வந்த அதிர்ச்சிதான் உங்களுக்குக் கோபமாகத் தெரிந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் கொடை முழுக்கக் கொடுப்பவரின் கலண்டரில் நடக்கிறது. அப்பாவின் திவசம், ஆடி அமாவாசை, பிள்ளையின் பிறந்தநாள், ரமழான், வெசாக் தன்சல். அந்த நாளில் ஒருவருக்கு ஐந்து பார்சல், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பச்சைத் தண்ணீர். கோயில் வாசலில் இருப்பவர்கள் இந்தக் கலண்டரை எங்களைவிட நன்றாகப் படித்து வைத்திருப்பார்கள்.

இனி அந்த ஓட்டோக்காரரின் பேச்சுக்கு வருவோம். எனக்கு எப்போதும் விளங்காமல் இருந்த விஷயம் ஒன்று உண்டு. வீடிழந்த அனுபவம் இல்லாத குடும்பம் இந்த மாவட்டத்தில் அருமை. 83இல் ஓடியவர்கள், 90இல் ஓடியவர்கள், 2004 மார்கழி 26 காலையில் உடுத்த துணியோடு கடற்கரையிலிருந்து ஓடியவர்கள். சம்பூர் ஆக்கள் 2006இல் வெளிக்கிட்டு, கிளிவெட்டி போன்ற முகாம்களில் தகரக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்து, 2015, 2016இல்தான் காணிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். பாடசாலை வாங்குக்குக் கீழே, கோயில் மண்டபத்தில், பள்ளிவாசல் விறாந்தையில் படுத்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் கடை விறாந்தையில் ஒருவர் படுத்திருந்தால் "விசர்", "குடிகாரன்", "தூள்காரன்" என்றுதான் முதலில் வாயில் வருகிறது. அகதி என்றால் ஒரு மரியாதை, வீதியில் படுப்பவர் என்றால் இன்னொரு பார்வை.

பேர்னாட் வைனர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1988இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஒருவருக்கு வந்த நிலை அவர் கையை மீறி வந்தது என்று நினைத்தால் எங்களுக்கு இரக்கம் வருகிறது, உதவக் கை நீள்கிறது. அவரே தேடிக்கொண்டது என்று நினைத்தால் கோபம் வருகிறது, கை மடங்குகிறது. ஷெல்லும் சூனாமியும் கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள், ஊரோடு வந்தவை. தனி ஒருவரின் வீழ்ச்சிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் "அவன் பிழை விட்டிருப்பான்" என்று நாங்களே நிரப்பிவிடுகிறோம். எங்கள் ஊர்ப் புள்ளிமான்களைப் பாருங்கள். அவை கடற்கரையிலும் கடைத்தெருவிலும் திரிகின்றன, குப்பையைக் கிளறுகின்றன, பொலித்தீன்கூடத் தின்கின்றன. காடு இருக்க ஏன் இங்கே வந்தாய் என்று ஒருவரும் மானைக் கேட்பதில்லை. பழத்தோலும் பணிசும் நீட்டிப் படமும் எடுத்துக்கொள்கிறோம்.

இதைவிட ஆழமான ஒன்று 1966இல் மெல்வின் லேர்னரும் கரோலின் சிமன்சும் செய்த பரிசோதனையில் வெளிவந்தது. ஒரு பெண் பிழையான பதில் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி வாங்குவதை மாணவிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிர்ச்சி பொய், அந்தப் பெண் நடித்தா. அது பார்த்தவர்களுக்குத் தெரியாது. சிலருக்கு அவளை அதிலிருந்து எடுத்துவிட வாய்ப்புக் கொடுத்தார்கள், ஏறக்குறைய எல்லாரும் எடுத்துவிட்டார்கள். வேறு சிலரிடம் இது இப்படியே தொடரும், நீங்கள் ஒன்றும் செய்ய ஏலாது என்ற நிலை. அந்தக் கூட்டம்தான் பிறகு அந்தப் பெண்ணைத் தரக்குறைவாக மதிப்பிட்டது. உதவ வழி இருந்தவர்கள் உதவினார்கள், வழி இல்லாதவர்கள் பழி சொன்னார்கள்.

நான் ஊரில் கண்டதும் இதுவே. "கொழுப்பு" என்று ஏசிய ஓட்டோக்காரர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் அதே விறாந்தையில் அதே ஆளைப் பார்க்கிறவர் அவர். பத்துத் தரம் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்திருப்பார். ஒன்றும் மாறவில்லை. எங்கே சொல்வது, யாரிடம் கூட்டிப் போவது என்று ஒரு வழியும் தெரியாது. மாறாத துன்பத்தை நாளும் பார்த்துக்கொண்டிருக்க மனித மனதுக்கு ஏலாது, ஆகவே துன்பப்படுகிறவரில் குற்றம் கண்டுபிடித்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. நான் சொன்ன பஞ்சம், உதவ ஒரு வழி தெரியாத இந்தப் பஞ்சம்தான்.

அரசும் இதில் நல்ல முன்மாதிரி இல்லை. எங்கள் நாட்டில் இந்த ஆக்களைப் பற்றிப் பேசுகிற முதன்மையான சட்டம் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரர் தங்கள் ஊரில் 1824இல் போட்ட சட்டத்தின் சாயலில் இங்கே கொண்டுவந்தது. பிச்சை எடுப்பது குற்றம், வருமான வழி ஒன்றும் காட்டாமல் மற்றவர் விறாந்தையில் அனுமதியில்லாமல் தங்குவதும் குற்றம். விறாந்தை என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1907இல் வந்த இன்னொரு சட்டம் இப்படிப்பட்டவர்களைத் தடுத்து வைக்க இல்லங்களை உண்டாக்கியது. டெல்லியில் இதே மாதிரிச் சட்டப் பிரிவுகளை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2018இல் செல்லாது என்று தள்ளியது. எங்கள் நாட்டில் 1841ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில் பொலிஸ் எல்லா நாளும் கைவைப்பதில்லை. ஆனால் யாரோ பெரியவர் வரப்போகிறார், நகரைச் சுத்தமாக வைக்க வேணும் என்றால் முதலில் கலைக்கப்படுவது இவர்கள்தான். குப்பையையும் ஆளையும் ஒரே உத்தரவில் அகற்றினால், பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை எதைப் படிக்கும்?

கடைக்காரர்களின் பக்கத்தையும் சொல்லிவிட வேணும். மழையில்லாத கச்சான் காற்றுக் காலத்தில் கடற்கரை மணலில் படுப்பவர்கள் மாரி தொடங்கியதும் விறாந்தைக்கு வருவார்கள். சிலர் காலையில் அசுத்தம் பண்ணிவிட்டுப் போகிறார்கள், கடை திறக்க வருகிற ஆளுக்கு அதைக் கழுவுவதுதான் முதல் வேலை. இதனால் சிலர் இரவு பூட்டும்போதே விறாந்தையில் வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். ஈரத்தில் படுக்க ஏலாதே. இன்னும் சிலர் கழிவு ஒயில் பூசுவார்கள். அதே வரிசையில் ஒரு கடைக்காரர் வேறு ஏற்பாடு வைத்திருந்தார். கதவிடுக்கில் ஒரு விளக்குமாறு. இரவு படுக்கிறவர் விடிய எழும்பி முன்பக்கத்தைக் கூட்டி, பழைய கடதாசி மட்டைகளை மடித்து மூலையில் வைத்துவிட்டு, விளக்குமாற்றைத் திரும்பக் கதவிடுக்கில் செருகிவிடுவார். முதலாளி வரும்போது விறாந்தை துப்புரவாக இருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்ததாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்து அந்த வரிசையில் களவு போகாத கடையும் அதுதான்.

பயத்தையும் தள்ளிவிடக் கூடாது. இரவு பஸ்ஸால் இறங்கி வருகிற பெண் பிள்ளை, தனக்குத்தானே சத்தமாகக் கதைத்துக்கொண்டு வருகிற ஆணைக் கண்டு ஒதுங்கினால் அது இரக்கமின்மை இல்லை. ஐஸ் என்ற போதைப்பொருள் வந்த பிறகு பயம் கூடியிருக்கிறது, காரணமில்லாமலும் இல்லை. நான் சொல்வது, அந்த ஒருவரை வைத்து எல்லாரையும் அளக்க வேண்டாம் என்பதுதான். வீதியில் இருக்கிறவர்களில் மனநோய்க்கு மருந்து நின்றுபோனவர் இருப்பார், பிள்ளைகள் வெளிநாடு போய்த் தொடர்பு அறுந்த கிழவி இருப்பா, படகு வேலை முடிந்து ஊருக்குப் போக முகமில்லாத வெளிமாவட்டத்தார் இருப்பார், அடிக்குத் தப்பி வந்த மனைவி இருப்பா. பிச்சை எடுக்கிற எல்லாரும் வீடற்றவர்கள் இல்லை. வீடற்ற எல்லாரும் கை நீட்டுவதுமில்லை. சிலர் பகலில் மூட்டை தூக்குகிற நாட்டாமை வேலை செய்து, பொதுக் குழாயில் குளித்து, எங்கள் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களை நாங்கள் கண்டுபிடிப்பதே இல்லை.

"காசு குடுத்தா குடிச்சுப்போட்டுக் கிடப்பான்" என்ற பேச்சுக்கும் ஒரு பதில். கனடாவின் வன்கூவரில் வீடற்ற 50 பேருக்கு நிபந்தனை இல்லாமல் ஆளுக்கு 7,500 கனேடிய டொலரை ஒரே தரத்தில் கொடுத்து, ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2023இல் வெளியானது. காசு கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் அந்த வருடத்தில் 99 நாள் குறைவாகவே வீடில்லாமல் இருந்தார்கள். குடிக்கும் போதைக்குமான செலவு கூடவில்லை. பொதுமக்களைக் கேட்டபோது மட்டும், குடிக்குத்தான் செலவழிப்பார்கள் என்று கூட்டிக் கணித்தார்கள். ஒன்றை மறைக்கக் கூடாது: கடுமையான போதைப் பழக்கமும் கடுமையான மனநோயும் உள்ளவர்களை அந்த ஆய்வில் முதலிலேயே சேர்க்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் காசைக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கணிப்புப் பிழைக்கலாம் என்பது மட்டும் தெளிவு.

மனப்பான்மையை மாற்ற ஏலுமா என்றால், ஏலும், கொஞ்சம். டானியல் பற்சனும் கூட்டத்தாரும் 1997இல் ஒரு வீடற்றவரின் பேட்டியை ஒலிபரப்பி, அவர் எப்படி உணர்வார் என்று கற்பனை செய்து கேளுங்கள் என்றார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு அந்த ஒருவர் மேல் மட்டுமில்லாமல் வீடற்றவர்கள் எல்லார் மேலும் பார்வை மென்மையானது. ஸ்டான்ஃபோர்டில் 2018இல் மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டி, வீடிழக்கும் அனுபவத்தை நடந்து பார்க்க வைத்தார்கள். அதே கதையை வாசித்தவர்களைவிடக் கண்ணாடி மாட்டியவர்களில் கூடுதலானோர் வீட்டு வசதி கேட்கிற மனுவில் கையொப்பமிட்டார்கள். எங்களுக்கு அந்தக் கண்ணாடி தேவையில்லை. தகரக் கொட்டிலில் மாரி மழை கேட்ட காதுகள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த அனுபவத்தை இந்தப் பக்கம் யாரும் திருப்பிவிடவில்லை. பேஸ்புக்கில் பார்சல் கொடுக்கிற படம் போடுவதால் அது நடக்காது. முகம் தெரியப் படம் போடுவதை முதலில் நிறுத்துங்கள். ஊரில் இருக்கும் தங்கள் மகள் அதைப் பார்த்துவிடுவாளோ என்று பயந்து, உதவி கொடுக்கிற இடத்துக்கே வராமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியவை கடினமானவை இல்லை. பார்சல் கட்டுவதற்கு முதல் நாள் போய் என்ன சாப்பிடுவீர்கள், எப்போது வேணும் என்று கேளுங்கள். முகம் தெரியாத ஒரு கூட்டத்துக்கு இருபது பார்சல் கொடுப்பதைவிட, ஒரே ஆளுக்குக் கிழமையில் இரண்டு நாள், தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைக்கிற அளவுக்கு இருந்தால் பெயர் தெரியவரும், ஊர் தெரியவரும். "உங்கட ஆக்கள் எங்க?" என்ற கேள்வியை முதல் நாளே கேட்காதீர்கள். பொலிஸ் கேட்கிற கேள்வி அது.

பிறகு அடையாள அட்டை. வீதிக்கு வந்த சில மாதத்தில் அநேகமாக எல்லாரும் தொலைப்பது இதைத்தான், பையோடு களவு போய்விடும். அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு குடும்பக் கணக்கில், கிராம சேவகர் பிரிவு வழியாகப் போகிறது. விறாந்தைக்குக் கிராம சேவகர் பிரிவு எது? கொடுப்பனவு யாருக்கு அதிகம் தேவையோ அவர் பதிவில் ஏறுவதே கடைசியில்தான். தொலைந்த அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேணும், பிறப்புச் சான்றிதழ் வேணும், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் வேணும், பிரதேச செயலகம் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போக வேணும். அழுக்குச் சாரத்தோடு தனியே போனவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கூட ஒருவர் போனால், அதுவும் கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர், கதிரை கிடைக்கும். பிறந்த ஊர்க் கிராம சேவகர் இவரை நினைவு வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம், ஆகவே பழைய முகவரியைத்தான் முதலில் தேடுங்கள்.

வயதானவர் என்றால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் சட்டப்படி, வசதியுள்ள பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்க ஒரு சபை உண்டு. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் அந்த வழியைக் கேளுங்கள். பல பெரியவர்கள் பிள்ளைக்கு எதிராக முறையிட மாட்டோம் என்பார்கள், வற்புறுத்த வேண்டாம். மனநோய் என்று பட்டால் கொழும்புப் பக்கம் அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்ப வேணும் என்று பேசுகிற காலம் போய்விட்டது. திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்தும் என்ன செய்வது என்று கேட்கலாம். அவசரமாக மயங்கிக் கிடந்தால் 1990 அம்புலன்ஸ், காசில்லை. தனியே பிள்ளை ஒன்று இருந்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929. அழைத்துவிட்டு வாகனம் வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள், அவருடைய பையையும் கூடவே ஏற்றச் சொல்லுங்கள். பையை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று அடம் பிடித்து ஏறாமல் விட்டவர்கள் உண்டு. பார்ப்பவருக்கு அது பழந்துணி. மருந்துத் துண்டும் கிளினிக் கொப்பியும் இருப்பதும் அதற்குள்தான்.